புகைபோக்கி முளைத்த மண்பானை: மெக்சிக்கோவின் தோட்டத்துக் கணப்படுப்பு

குளிர்நாடுகளில் குடியேறி வாழும் நம்மவர்கள் அயல்வீட்டுத் தோட்டத்தின் மூலையில் இப்படியொரு பொருளைக் கண்டிருப்பார்கள். இரும்பு முக்காலி ஒன்றின் மீது வயிறு பருத்த மண்பானையொன்று அமர்ந்திருக்கும். அந்த வயிற்றின் முன்புறம் வாய் பிளந்திருக்கும். தலைக்கு மேல் குறுகிய கழுத்தாகப் புகைபோக்கி நிமிர்ந்து நிற்கும். மாலை வேளையில் வாய்க்குள் நாலைந்து விறகுத் துண்டுகளை இட்டுக் கொளுத்திவிட்டு, வீட்டார் அதனைச் சூழ அமர்ந்து குளிர்காய்வார்கள். மெக்சிக்கோவிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தக் கணப்படுப்புக்குப் பெயர் சிமெனேயா.

இதனை விற்பவர்கள் அதற்கொரு வரலாற்றையும் சேர்த்தே விற்கிறார்கள். நானூறு ஆண்டுப் பழைமை என்பார் ஒருவர். அஸ்தெக்குகளின் அடுப்பு என்பார் இன்னொருவர். வணிகத்துக்காகச் சொல்லப்படும் வரலாறுகளை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. ஒரு பொருளின் பெயரையும் வடிவத்தையும் அது செய்யப்படும் முறையையும் கூர்ந்து பார்த்தால், அது எந்த வழியால் வந்தது என்பதை ஓரளவுக்கு அதுவே சொல்லிவிடும்.

பெயர் சொல்லும் சேதி

சிமெனேயா என்பது ஸ்பானியச் சொல். புகைபோக்கி என்றும் கணப்படுப்பு என்றும் அதற்குப் பொருள் உண்டு. உலைக்களத்தைக் குறிக்கும் காமினோஸ் என்ற கிரேக்கச் சொல் இலத்தீனில் காமினுஸ் ஆகியது. கணப்புள்ள அறையைக் குறிக்கும் காமினாத்தா அதிலிருந்து பிறந்தது. பின்னர் அது பிரெஞ்சு மொழியின் வழியாக ஸ்பானியத்தில் சிமெனேயா என்றும், ஆங்கிலத்தில் சிம்னி என்றும் நிலைபெற்றது. மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் குழாயை நம் வீடுகளிலே 'சிமினி' என்று அழைத்தோமே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

ஆகவே பெயர் அஸ்தெக்குகளுடையதன்று. அவர்கள் பேசிய நாவாத்தில் மொழியில் அடுப்புக்குத் தனிச்சொல் இருந்தது. தரையிலே தீ எரியும் இடம் த்லெகுயில்லி எனப்பட்டது. பாத்திரத்தைத் தாங்கும் மூன்று கற்களுக்கு தெனமாஸ்த்லி என்று பெயர். அந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. கூரையின் இடுக்குகளாலும் சுவரின் இடைவெளிகளாலும் வாசலாலும் புகை தானாகவே வெளியேறும். நம் பாட்டிமார் சமைத்த மூன்று கல் அடுப்பை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்று கற்களின் மகிமை

பண்டைய மெக்சிக்கோவில் அடுப்பு வெறும் சமையற் சாதனமாக இருக்கவில்லை. வீட்டின் நடுவிலிருந்த அந்த மூன்று கற்களுக்கு இடையில் தீக்கடவுள் குடியிருப்பதாக மக்கள் நம்பினார்கள். அக்கடவுளின் மிகப் பழைய வடிவம் வெவேதெயோத்ல். முதிய தெய்வம் என்பது அப்பெயரின் பொருள். முதுகு கூனி, முகம் சுருங்கி, சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் கிழவர் ஒருவர் தலைமீது தீச்சட்டியைச் சுமந்திருப்பார். மெக்சிக்கோ நகரின் தென்புறத்தில் எரிமலைக் குழம்பால் மூடப்பட்ட குய்குயில்கோவிலும், பெருநகரான தெயோத்திவாக்கானிலும் இத்தகைய உருவங்கள் கிடைத்துள்ளன.

மாயா மக்களும் இம்மூன்று கற்களைப் போற்றினர். குவாத்தமாலாவின் கிரிகுவா என்னுமிடத்தில் நிற்கும் ஒரு கல்வெட்டுத் தூண், இப்போதைய உலகின் தொடக்க நாளில் தெய்வங்கள் மூன்று கற்களை நாட்டியதாகக் கூறுகிறது. நமது நாட்காட்டியில் அது கி.மு. 3114 ஓகஸ்ட் மாதத்தில் அமைகிறது. உலகத்தின் படைப்பையே அவர்கள் ஓர் அடுப்பை மூட்டும் செயலாகக் கண்டார்கள் எனலாம்.

அஸ்தெக்குகளின் வீட்டு வாழ்வைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி பெர்னார்தினோ தே சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால் எஞ்சியது. நாவா அறிஞர்களின் துணையோடு பன்னிரண்டு நூல்களாக அவர் தொகுத்த பெருந்தொகுப்பு, இன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகர நூலகத்தில் உள்ளது. ஆண் குழந்தையின் தொப்புட்கொடியைப் போர்க்களத்தில் புதைக்குமாறு வீரர்களிடம் கொடுத்தார்கள் என்றும், பெண் குழந்தையின் தொப்புட்கொடியை அடுப்பருகே புதைத்தார்கள் என்றும் அதில் பதிவாகியுள்ளது. ஒரு பெண்ணின் வாழ்வு எங்கே கழியவேண்டும் என்பது பிறந்த சில நாட்களிலேயே மண்ணில் எழுதப்பட்டுவிட்டது. இச்செய்தியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் இறுதியில் இதற்குத் தேவை இருக்கிறது.

52 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வடுப்புகள் எல்லாமே அணைக்கப்பட்டன. காலச் சக்கரம் ஒரு சுற்றை முடிக்கும் அந்த இரவில் சூரியன் மீண்டும் எழாமலே போகக்கூடும் என்ற அச்சம் நிலவியது. வீடுகளிலிருந்த அடுப்புக் கற்களும் தெய்வ உருவங்களும் நீரில் எறியப்பட்டன. கர்ப்பிணிப் பெண்களுக்குக் கற்றாழை மடலால் முகமூடி இட்டு, தானியக் கொட்டில்களுக்குள் அடைத்து வைத்தார்கள். உறங்கினால் எலியாகிவிடுவார்கள் என்று பயந்து குழந்தைகளை விழிக்கச் செய்தார்கள். கார்த்திகை விண்மீன் கூட்டம் நடுவானைக் கடந்ததும், மலையுச்சியில் குருமார் பலியாளின் மார்பின் மீது தீக்கடைகோலைச் சுழற்றிப் புதுத்தீ எடுத்தனர். அந்தத் தீ பந்தங்களாகப் பிரிந்து கோயில்களுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றது.

இச்சடங்கு கடைசியாக நிகழ்ந்த ஆண்டு 1507. அடுத்தது 1559 இல் வந்திருக்கவேண்டும். ஆனால் 1519 இல் எர்னான் கோர்த்தெஸ் கரையிறங்கினார். 1521 இல் தெனோச்தித்லான் தலைநகர் வீழ்ந்தது. 1559 ஆம் ஆண்டு புதுத்தீ எடுக்க அரசும் இல்லை, குருமாரும் இல்லை.

சடங்கு மறைந்தாலும் அதன் தடயம் மண்ணுக்குள் கிடந்தது. ஒரே தடவையில் கொட்டப்பட்டவை போன்ற வீட்டுப் பாத்திரக் குவியல்களை ஜோர்ஜ் வைலன்ட் என்ற தொல்லியலாளர் 1930களில் அகழ்ந்தெடுத்து, அவை புதுத்தீச் சடங்கின்போது உடைத்தெறியப்பட்டவையாக இருக்கலாம் என்று கருதினார். 2001 இல் கிறிஸ்டினா எல்சனும் மைக்கல் சிமித்தும் அக்குவியல்களை மீள ஆராய்ந்து அவரது கருத்துக்கு வலுச் சேர்த்தனர்.

ஸ்பானியர் கொண்டுவந்தவை

மெக்சிக்கோவின் பழைய குயவர்களுக்குச் சக்கரம் தெரியாது. களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கியும், அச்சில் அழுத்தியுமே அவர்கள் வனைந்தார்கள். ஆனால் அந்தக் கைகளின் திறமை எந்த நாட்டுக் குயவருக்கும் குறைந்ததன்று. ஸ்பானியருடன் சக்கரமும், ஐரோப்பியப் பாணிச் சூளையும், ஈயம் கலந்த பளபளப்புப் பூச்சும் வந்தன. 1531 இல் நிறுவப்பட்ட புவெப்லா நகரில் தலவேரா எனப்படும் வெண்பூச்சு மட்பாண்டத் தொழில் வேரூன்றியது. 1653 இல் அந்நகரின் குயவர்களுக்கெனத் தொழிற்சங்க விதிகள் வகுக்கப்பட்டன. மெக்சிக்கோவிலும் ஸ்பெயினிலும் வழங்கும் தலவேராத் தொழிலை 2019 இல் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

சமையலறையும் மாறியது. செல்வர் வீடுகளிலும் கன்னியர் மடங்களிலும் இடுப்பளவு உயரத்தில் செங்கல்லால் கட்டி, ஓடு பதித்த அடுப்புத் திண்ணைகள் எழுந்தன. புவெப்லாவின் சாந்தா ரோசா மடத்துச் சமையலறை அதற்குச் சிறந்த சான்று. வடக்கே, இன்றைய நியூ மெக்சிக்கோவில், தேன்கூட்டு வடிவ மண் அடுப்பான ஓர்னோவைப் புவெப்லோ மக்கள் ஸ்பானியரிடமிருந்து பெற்றார்கள். ஸ்பானியர் அதனை முஸ்லிம் மூர்களிடமிருந்து பெற்றிருந்தார்கள். வட ஆபிரிக்காவின் ரொட்டி அடுப்பு இவ்வாறு அமெரிக்கப் பாலைவனத்து முற்றங்களை வந்தடைந்தது.

இந்தப் பின்னணியில் சிமெனேயாவைப் பார்த்தால் அதன் பிறப்பு விளங்கும். வளையம் அடுக்கி வனைந்த பெரும்பானையின் உடல் அமெரிக்கப் பழங்குடிகளின் கைவேலையைச் சேர்ந்தது. அதன் மீது எழும் புகைபோக்கி ஐரோப்பியரின் எண்ணம். இரண்டும் சந்தித்தது ஸ்பானியர் காலத்து மெக்சிக்கோவில். எனவே 'அஸ்தெக் அடுப்பு' என்று அதனை அழைப்பது தவறு. ஸ்பானிய அடுப்பு என்று மட்டும் சொல்வதும் பாதி உண்மையே.

குயவர் கையில்

மெக்சிக்கோவின் மட்பாண்ட ஊர்களுள் முதன்மையானது ஹலிஸ்கோ மாநிலத்தின் தொனலா. குவாதலஹாரா மாநகரை ஒட்டிய இவ்வூரின் பெயருக்குச் சூரியனின் இடம் என்று பொருள் சொல்வார்கள். 1530 இல் நூஞ்ஞோ தே குஸ்மானின் படை இதைக் கைப்பற்றியபோது, இதனை ஆண்டவர் ஒரு பெண் என்பது குறிப்பிடத்தக்கது.

மெக்சிக்கோ மண் கடல் கடந்து நாகரிகப் பொருளாகியது சிமெனேயாவால்தான் என்று எண்ணிவிடக்கூடாது. 17 ஆம் நூற்றாண்டிலேயே தொனலாப் பகுதியின் மணமுள்ள செம்மண் குவளைகள் ஸ்பெயினின் பிரபுக்கள் வீடுகளை அடைந்துவிட்டன. பூக்கரோ எனப்பட்ட அக்குவளையில் ஊற்றிய நீர் குளிர்ந்து, மண்வாசம் பெற்றது. சீமாட்டிகள் நீரை அருந்தியதோடு நிற்காமல், குவளையையே கடித்துத் தின்னும் பழக்கமும் அங்கே பரவியிருந்தது. 1656 இல் வெலாஸ்கெஸ் தீட்டிய லாஸ் மெனினாஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியத்தில், சிறுமியான இளவரசிக்குப் பணிப்பெண் ஒருத்தி தட்டில் வைத்து நீட்டுவது அத்தகைய சிறு செங்குவளையே. அது குவாதலஹாராப் பகுதியிலிருந்து சென்றது என்று கலை வரலாற்றாளர் சிலர் கருதுகின்றனர். அரண்மனையின் நடுவே அந்தக் குவளை இருக்கிறது. வனைந்தவரின் பெயர் எங்கும் இல்லை.

சிமெனேயாவின் வனைவு வெளிப்பார்வைக்கு எளிமையானது. பெருமணலோ நொறுக்கிய ஓட்டுத் துகளோ கலந்த களிமண்ணில் முதலில் வயிறு எழுப்பப்படும். அது சற்று இறுகிய பின்னர் கழுத்து மேலே சேர்க்கப்படும். ஈரமான மண் தன் பாரத்தையே தாங்காது என்பதால், அவசரப்பட்டால் முழுவதும் சரிந்துவிடும். வாய் வெட்டி, நிழலில் உலர்த்தி, தாழ்ந்த வெப்பத்தில் சுடுவார்கள். இவ்வாறு சுட்ட மண்ணில் நுண்துளைகள் நிறைந்திருக்கும். தீயின் வெப்பத்தில் விரிந்து சுருங்க அவை இடம்கொடுக்கின்றன. ஆனால் அதே துளைகள் வழியாக மழைநீரும் உள்ளே புகுந்துவிடும்.

எரியும் விதமும் எளியதே. சூடேறிய காற்று இலேசாகிக் கழுத்தின் வழியே மேலெழும். அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப முன்வாயால் குளிர்காற்று உள்ளே பாயும். புகை ஆட்களின் முகத்தில் அடிக்காமல் தலைக்கு மேலே போய்விடும். சுவர் மெல்லச் சூடேறி, தீ தணிந்த பின்னரும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மெக்சிக்கோவிலும் நியூ மெக்சிக்கோவிலும் இதற்கு விரும்பி எரிப்பது பிஞ்ஞோன் எனப்படும் குறும்பைன் மரத்தின் விறகு. சாம்பிராணியை ஒத்த அதன் வாசனை நுளம்புகளை விரட்டும் என்பது மக்களின் நம்பிக்கை.

எல்லை கடந்த அடுப்பு

1980களில் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் மண்சுவர் வீடுகளும் பழங்குடி வேலைப்பாடுகளும் புதிய மோகமாகப் பரவின. சாந்தா பே பாணி என்று அதற்குப் பெயரும் வந்தது. வீட்டின் பின்முற்றத்தில் சிமெனேயா வைப்பது அந்தப் பாணியோடு பொருந்திவந்தது. வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1994 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த பின்னர் எல்லை கடந்த வணிகம் மேலும் பெருகியது. 1990களின் இறுதிக்குள் அது அமெரிக்காவெங்கும் பரவி, அத்திலாந்திக்கைக் கடந்து பிரித்தானியத் தோட்டக் கடைகளையும் எட்டிவிட்டது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. வறண்ட மேட்டுநிலத்துக்கு உகந்த மண்பானை, மழையும் உறைபனியும் மாறிமாறி வரும் நாடுகளுக்குப் பழக்கப்பட்டதன்று. நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்து விரியும்போது பானை வெடிக்கும். நனைந்திருக்கும் பானையில் பெருந்தீ மூட்டினால் நீர் ஆவியாகிப் பிளக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் அதே கதிதான்.

பழகியவர்கள் சொல்லும் முறைகள் சில உண்டு. அடிப்பாகத்தில் மணலையோ சிறு பரல்களையோ நிரப்பி, அதன் மேல்தான் விறகு அடுக்கவேண்டும். புதிய பானையில் முதல் சில தடவைகள் சுள்ளிகளால் சிறுதீ மட்டுமே மூட்டவேண்டும். தீ தானாக அணைய விடவேண்டும். மழைக்காலத்தில் மூடி வைக்கவேண்டும். எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத காபனோரொட்சைட்டு உயிரைக் குடித்துவிடும்.

இத்தனையும் தொல்லை என்று எண்ணியவர்களுக்காக வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் அதே வடிவம் வந்தது. இவற்றுள் பல சீனத் தொழிற்சாலைகளில் உருவானவை. வடிவம் மெக்சிக்கோவினுடையது, பெயர் ஸ்பானியருடையது, வருவாய் வேறெவருக்கோ உரியது. மண்ணில் வனைந்த குயவருக்கு அந்த வடிவத்தின் மீது எந்த உரிமையும் கிடைக்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் தாம் வாழும் நகரத்தின் சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1952 இன் கொடிய புகைமூட்டத்துக்குப் பின்னர் 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றிய பிரித்தானியாவில், புகைக் கட்டுப்பாட்டு வலயங்களிலும் தோட்டத்துச் சிமெனேயாவுக்கு இடமுண்டு. அயலாருக்குத் தொல்லையாக இருந்தால் மட்டும் மாநகர சபை தலையிடலாம். ரொறன்ரோ மாநகரிலோ திறந்தவெளியில் விறகெரிப்பதற்கே பொதுவாக அனுமதியில்லை.

புகை யாருக்கு?

இதுவரை சொன்னது ஒரு பொருளின் வரலாறு. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

வீட்டுக்கு வெளியே, வானம் பார்த்த தோட்டத்தில் எரியும் தீக்கு மெக்சிக்கோக் குயவர்கள் புகைபோக்கி வைத்து அனுப்பினார்கள். அதே நாட்டின் கிராமங்களில் இலட்சக்கணக்கான குடும்பங்களின் சமையலறைத் தீக்குப் புகைபோக்கி இருக்கவில்லை. நாள்தோறும் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, தட்டி, கொமால் என்ற தட்டையான மண் ஓட்டில் சுட்டெடுக்கும் பெண்கள் பல மணிநேரம் அந்தப் புகைக்குள் அமர்ந்திருந்தார்கள். நமக்கு மிளகாயைத் தந்த சமையலறை அதுதான். போர்த்துக்கேயர் வழியாக நம் கறிச்சட்டிக்கு வந்து சேருமுன், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மிளகாய் வதங்கியது அந்த மூன்று கல் அடுப்பிலேயே.

அந்தப் புகையின் விலை என்ன? விறகு, சாணம், கரி போன்ற எரிபொருட்களின் வீட்டுப் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பெண் குழந்தையின் தொப்புட்கொடியை அடுப்பருகே புதைத்த வழக்கம் என்றோ ஒழிந்துவிட்டது. ஆனால் அடுப்பின் சுமையும் புகையும் பெண்ணுக்கே என்ற நியதி ஒழியவில்லை.

இதை மாற்ற முனைந்தவர்களும் மண்ணையே நாடினார்கள். 1976 இல் குவாத்தமாலாவைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்தின் பின்னர், சேறும் மணலும் குழைத்துக் கட்டும் புகைபோக்கி அடுப்பு ஒன்று அங்கே உருவானது. சேறு என்பதற்கான லோதோ, மணல் என்பதற்கான அரேனா ஆகிய சொற்களை இணைத்து அதற்கு லொரேனா என்று பெயரிட்டார்கள். மெக்சிக்கோவின் மிச்சோவகான் மாநிலத்தில், பாட்ஸ்குவாரோ ஏரியைச் சூழ்ந்த புரேபெச்சா மக்களிடையே பணியாற்றிய கிரா என்ற அமைப்பு, அந்தப் பட்டறிவிலிருந்து பட்சாரி அடுப்பை வடிவமைத்தது. பேணிக் காப்பது என்பது புரேபெச்சா மொழியில் அப்பெயரின் பொருள். செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டி, கொமாலை அடுப்போடு பதித்து, புகையைக் குழாயால் கூரைக்கு மேலே அனுப்பும் அமைப்பு அது. பாதிக்கு மேற்பட்ட விறகு அதில் மீதமாவதாக அளவீடுகள் காட்டின. 2006 இல் அதற்குச் சர்வதேச அளவிலான அஷ்டன் விருதும் கிடைத்தது.

2009 இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, பட்சாரியை உண்மையாகவே பயன்படுத்திய பெண்களிடம் இருமலும் மூச்சிரைப்பும் குறைந்ததையும், நுரையீரலின் ஆற்றல் தேய்வது மெதுவானதையும் கண்டறிந்தது. ஆனால் அடுப்பைப் பெற்ற வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அதை முதன்மை அடுப்பாகக் கொண்டிருந்தனர் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. மற்றவர்கள் பழைய தீயை விட்டுவிடவில்லை. அவர்களை அறியாதவர்கள் என்று இகழ்வது எளிது. பெருஞ்சட்டியில் சோளம் அவிக்கவும், குளிர்ந்த மலைநாட்டில் அறையைச் சூடாக்கவும், குடும்பமாகச் சூழ்ந்து அமரவும் அவர்களுக்கு அந்தத் திறந்த தீ வேண்டியிருந்தது. அடுப்பு என்பது சமையலுக்கு மட்டுமானதல்ல என்பதை வடிவமைப்பாளர்களுக்குக் கற்பித்தவர்கள் அந்தப் பெண்களே.

நம் நாட்டிலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது. 1980களில் உருவாகி, கிராமத்துக் குயவர்களின் கைகளால் பல இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட 'அனகி' அடுப்பை இலங்கை வாசகர்கள் அறிவார்கள். இரண்டு பானைகள் ஒரே தீயில் வேகும் அந்த மண் அடுப்பு விறகைச் சேமித்தது, குயவருக்கும் தொழில் தந்தது. அதற்கும் பட்சாரிக்கும் இடையே கடல்கள் கிடந்தாலும், இரண்டும் ஒரே காலத்து உலகளாவிய இயக்கத்தின் பிள்ளைகள்.

தோட்டத்தில் சிமெனேயா வைத்துக் குளிர்காய்வதில் குற்றமில்லை. அழகான பொருள் அது. குளிர்நாட்டு மாலைப் பொழுதில் அண்டை அயலாரை ஒன்றுகூட்டும் நல்ல பண்பும் அதற்கு உண்டு. வாங்கும்போது மண்ணில் செய்ததா, எந்த ஊர்க் குயவர் செய்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஆனால் கேட்பவர்கள் பெருகினால், செய்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி வைக்கும் கட்டாயம் விற்பவர்களுக்கு ஏற்படும். 'அஸ்தெக்குகளின் அடுப்பு' என்ற கட்டுக்கதையைக் காட்டிலும் அந்தப் பெயருக்குத்தான் மதிப்பு அதிகம்.